பணம் போன பிறகு வங்கியால் ஏன் திருப்ப முடிவதில்லை? முகம் தெரியாதவரிடம் ஒன்லைனில் வாங்குவோருக்கு ஒரு விளக்கம்

பேஸ்புக்கில் பார்த்த போனுக்கு 45,000 ரூபா அனுப்பியாகிவிட்டது. ஸ்லிப்பை வட்ஸ்அப்பில் போட்ட மறுநிமிடமே விற்பவர் இலக்கத்தை புளொக் செய்துவிட்டார். வங்கிக்கு அழைத்தால், ‘நீங்களாகவே அனுப்பிய பணம், எங்களால் மீளப் பெற்றுத் தர முடியாது’ என்கிறார்கள். கணக்கிலக்கம் கையில் இருக்கிறது. அந்தக் கணக்கு யாருடையது என்பது வங்கிக்குத் தெரியும். பணம்கூட இன்னும் அங்கேயே கிடக்கலாம். அப்படியிருந்தும் ஏன் முடியாது என்று கேட்காதவர்கள் இல்லை.

கேள்வி நியாயமானது. அதற்கான பதில், நம் போனில் உள்ள பணச் செயலிகள் எப்படி அமைக்கப்பட்டுள்ளன என்பதில் இருக்கிறது. பணத்தை விரைவாகவும் முடிவாகவும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக உருவானவை அவை. நீங்கள் வாங்கிய பொருள் வந்ததா, வந்தது நல்லதா என்பதெல்லாம் அவற்றின் கணக்கில் இல்லை. ஆகவே நமக்கான பாதுகாப்பு முழுவதும் ‘உறுதிப்படுத்து’ பொத்தானை அழுத்துவதற்கு முந்திய நிமிடங்களில்தான் கிடைக்கிறது.

பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது

இலங்கையில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனடியாகப் பணம் போவது சிஃப்ட்ஸ் என்ற வலையமைப்பின் வழியாக. 2015 இல் ஆரம்பித்த இதை, முன்பு லங்காகிளியர் என்று அழைக்கப்பட்ட லங்காபே நிறுவனம் நடத்துகிறது. நீங்கள் அழுத்தியதும் உங்கள் வங்கி உங்கள் கணக்கில் பணத்தைக் கழிக்கிறது, பெறுபவரின் வங்கிக்குத் தகவல் போகிறது, அது அவருடைய கணக்கில் வரவு வைக்கிறது. எல்லாம் சில விநாடிகளுக்குள். நள்ளிரவிலும் போயா நாளிலும் இப்படித்தான்.

பணம் அவருடைய கணக்கில் விழுந்த கணமே அது அவருடைய பணம். பெறும் வங்கி, வேறொரு வங்கியின் வாடிக்கையாளர் தொலைபேசியில் முறையிட்டார் என்பதற்காகத் தன் வாடிக்கையாளரின் கணக்கில் கைவைக்க முடியாது. கணக்குக்காரரின் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றக் கட்டளை வேண்டும். அதற்கிடையில் மோசடிக்காரர் ஏரிஎம் முன்னால் நிற்பார், அல்லது பணத்தை இன்னொரு கணக்குக்கு மாற்றியிருப்பார். சட்டம் நடக்கும் வேகமும் சிஃப்ட்ஸ் ஓடும் வேகமும் ஒன்றல்ல. மோசடி முழுவதும் இந்த இடைவெளியில்தான் பிழைக்கிறது.

பணம் போகும் வழிகளும், திரும்பி வரும் வாய்ப்பும்

எல்லாவற்றையும் ‘ஒன்லைனில் காசு போட்டேன்’ என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் வழிக்கு வழி பாதுகாப்பு மாறுகிறது.

1. கணக்கிலிருந்து கணக்குக்கு. வங்கிச் செயலி, ஃப்ரீமி, ஜீனி போன்ற எதிலிருந்து அனுப்பினாலும் சரி, கையில் காசை எண்ணிக் கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பொருள் வரவில்லை என்ற காரணத்துக்காகப் பணத்தை மீட்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது.

2. போன் இலக்கத்துக்கு அனுப்பும் பணம். ஈசி கேஷ், எம்கேஷ் இந்த வகை. முகவர் கடையில் காசாக மாற்றிவிடலாம் என்பதால் மோசடிக்காரர் இதை விரும்பிக் கேட்பார். ‘பேங்க் எக்கவுண்ட் இப்ப வேலை செய்யல்ல, ஈசி கேஷ் பண்ணுங்க’ என்று நடுவில் வழியை மாற்றச் சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

3. லங்காகியூஆர். கடைகளில் ஒட்டியிருக்கும் இந்தக் குறியீட்டுக்கான பொதுத் தரத்தை மத்திய வங்கி 2018 இல் கொண்டுவந்தது. ஸ்கேன் செய்ததும் பதிவான வியாபாரப் பெயர் உங்கள் திரையில் தெரியும் என்பது இதன் நன்மை. ஆனால் பணம் போனால் இதுவும் போனதுதான். கியூஆரை ஸ்கேன் செய்வது பணம் கொடுப்பதற்கு. பணம் பெறுவதற்கு நீங்கள் எதையும் ஸ்கேன் செய்து இரகசிய (PIN) இலக்கம் அடிக்க வேண்டியதில்லை. ‘உங்களுக்குக் காசு வரும், இதை ஸ்கேன் பண்ணுங்க’ என்பவர் உங்களிடமிருந்து எடுக்கவே கேட்கிறார்.

4. டெபிட் அல்லது கிரெடிட் கார்ட். விசா, மாஸ்டர்கார்ட் விதிகளின்படி, பணம் கொடுத்தும் பொருள் வராவிட்டால் உங்கள் வங்கி மூலம் அந்தக் கொடுப்பனவை எதிர்த்து முறையிடலாம். பொதுவான காலக்கெடு 120 நாள். வங்கிகள் அதற்கு முன்னரே கடிதம் கேட்கும் என்பதால் தாமதிக்கக் கூடாது. இந்த உரிமை டெபிட் கார்டுக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதே டெபிட் கார்ட்காரர் வங்கிச் செயலிக்குள் போய்க் கணக்கிலிருந்து அனுப்பினால் அந்த உரிமை கிடையாது.

5. தளமே பணத்தைப் பிடித்து வைத்திருக்கும் முறை. தராஸ் போன்ற சந்தைத் தளங்களில் பணம் முதலில் தளத்திடம் போகிறது. பொருள் சேர்ந்த பின்பே விற்பவருக்கு. பலம் அதில்தான் இருக்கிறது. அதனால்தான் சில விற்பனையாளர்கள் ‘ஓடரைக் கேன்சல் பண்ணுங்க, நேரடியா எக்கவுண்டுக்குப் போட்டா 1,500 குறைச்சுத் தாறன்’ என்று வெளியே இழுக்கிறார்கள். அந்த 1,500 ரூபாவுக்கு நீங்கள் விற்பது உங்கள் முழுப் பாதுகாப்பையும்.

லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் நமக்காக வாங்கிக் கொடுப்பதும் உண்டு. அவர்கள் பேபாலில் கொடுத்தால், பொருட்களுக்கான கொடுப்பனவு என்ற தெரிவில் மட்டுமே வாங்குவோர் பாதுகாப்பு உண்டு. 180 நாளுக்குள் முறையிடலாம். நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும் அனுப்பும் தெரிவில் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. கட்டணத்தை மிச்சப்படுத்தலாம் என்று விற்பவர் இரண்டாவதைக் கேட்டால் காரணம் விளங்க வேண்டும்.

கிழக்கில் இது ஏன் எளிதாக நடக்கிறது

மட்டக்களப்பும் அம்பாறைக் கரையோரமும் கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கின்றன. பழைய போன், லப்டொப், கமரா, மோட்டார்சைக்கிள் உதிரிப்பாகம் போன்றவற்றுக்கான விளம்பரங்களில் பெரும்பகுதி கொழும்புப் பக்கம். ஒரு போனைப் பார்த்துவர இரவு பஸ் ஏறி ஒரு நாளைச் செலவழிக்க யாரும் விரும்புவதில்லை. எனவே ‘காசைப் போட்டால் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்’ என்ற ஏற்பாடு இங்கே வழக்கமாகிவிட்டது. நேர்மையான வியாபாரிகளும் இப்படித்தான் அனுப்புகிறார்கள், மோசடியும் அதே உருவத்தில் வருகிறது. ஆளைப் பிரித்தறிவது கடினமாவது இதனால்தான்.

வழக்கமான உரையாடல் இப்படிப் போகும்:

‘நானா, இன்னொராள் இப்பவே எடுக்க நிக்கிறார். நீங்க முதல் கேட்டதால உங்களுக்காகத்தான் வெச்சிருக்கன். ஒரு அஞ்சாயிரம் அட்வான்ஸ் போடுங்க, ஒதுக்கி வைக்கிறன்.’

அஞ்சாயிரம் போனதும் அடுத்தது வரும்:

‘பஸ் ஸ்டாண்டுக்கு வந்திட்டன். எட்டரைக்குக் கல்முனை பஸ் வெளிக்கிடுது. மிச்சத்தைப் போட்டிட்டு ஸ்லிப் அனுப்புங்க, கொண்டக்டர்ட நம்பர் தாறன்.’

இதில் மூன்று கருவிகள் வேலை செய்கின்றன. முதலாவது சிறிய தொகை. ஐயாயிரம் போய்விட்டது என்பதே மிச்சம் நாற்பதாயிரத்தையும் அனுப்ப வைக்கும். இரண்டாவது நேர நெருக்கடி. மூன்றாவது, பஸ், கொண்டக்டர், எட்டரை மணி என்று சோதிக்கக்கூடியதுபோலத் தோன்றும் விபரங்கள். சோதிக்க நேரம் விடப்படாதபோது அந்த விபரங்களுக்குப் பெறுமதி இல்லை.

பஸ்ஸில் எடுப்பதுதான் ஒரே வழி என்றால் ஒழுங்கை மாற்றிக் கேளுங்கள். முதலில் பொதி பஸ்ஸில் ஏறட்டும். பஸ்ஸின் இலக்கத் தகடும் பொதியும் ஒரே காணொளி அழைப்பில் தெரியட்டும். கொண்டக்டரின் இலக்கத்துக்கு நீங்களே அழைத்துப் பேசுங்கள், அதே இலக்கத்தை வேறு யாரிடமாவது உறுதிப்படுத்துங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தாலும் பொதிக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாது. ஆகவே விலைகூடிய பொருளுக்கு இந்த வழி ஏற்றதல்ல. கொழும்பில் படிக்கிற, வேலை செய்கிற ஊரார் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, அங்கே நின்றபடி ‘சரி’ சொன்ன பிறகு நீங்கள் இங்கிருந்து அனுப்புவதே 30,000, 40,000 ரூபாவுக்கு மேற்பட்ட எதற்கும் பொருத்தம்.

உறுதிப்படுத்தும் திரையை வாசிப்பது

பணம் போகுமுன் செயலி காட்டும் கடைசித் திரையில் நான்கைந்து வரிகள் இருக்கும். பலர் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வரியும் ஒரு சாட்சி.

1. கணக்கிலக்கம். பணம் போகும் இடத்தைத் தீர்மானிப்பது இதுதான். வேறு வங்கிக்கு அனுப்பும்போது நீங்கள் தட்டச்சு செய்யும் பெயர் பெரும்பாலும் ஒப்பிட்டுப் பார்க்கப்படுவதில்லை. ‘பெயர் சரியாகத்தானே போட்டேன், பிழையான கணக்குக்கு எப்படிப் போனது’ என்ற கேள்விக்கு இதுவே விடை. ஓர் இலக்கம் பிசகினால் முன்பின் தெரியாதவரிடம் போகும்.

2. பெயர். ஒரே வங்கிக்குள் அனுப்பும்போது பல செயலிகள் கணக்குக்காரரின் உண்மையான பெயரைத் தாமாகவே காட்டும். அது நீங்கள் தட்டியது அல்ல, வங்கியின் பதிவில் உள்ளது. விற்பவர் வைத்திருக்கும் அதே வங்கியில் உங்களுக்கும் கணக்கு இருந்தால் அதிலிருந்தே அனுப்பப் பாருங்கள். பக்கத்தின் பெயர் ஒரு மொபைல் கடை, திரையில் வருவதோ ஒரு தனியாளின் பெயர் என்றால் காரணம் கேளுங்கள். ‘தங்கச்சிட எக்கவுண்ட்’, ‘பார்ட்னர்ட எக்கவுண்ட்’ என்ற பதில்கள் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இரவல் கணக்கைப் பாவிக்கும் மோசடிக்காரரும் அதையேதான் சொல்வார்.

3. வங்கிக் கிளை. கொழும்பு மருதானையில் கடை வைத்திருப்பவரின் கணக்கு வேறொரு மாகாணத்துச் சிற்றூர்க் கிளையில் இருந்தால் அதையும் கேளுங்கள்.

4. குறிப்பு. இந்தப் பெட்டியை வெறுமையாக விடாதீர்கள். ‘சம்சங் போன் அட்வான்ஸ், ஐஎம்இஐ கடைசி நான்கு இலக்கம் இன்னது’ என்று எழுதுங்கள் (ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு போனுக்கும் உரிய 15 இலக்க அடையாள எண்). பின்னர் பொலிஸிலோ நீதிமன்றத்திலோ ‘கடன் வாங்கிய காசைத்தான் திருப்பித் தந்தார்’ என்று எதிராளி சொன்னால் இந்த ஒரு வரி பேசும்.

100 ரூபா அனுப்பிச் சோதிப்பது நல்ல பழக்கம். ஆனால் அதன் எல்லை தெரிய வேண்டும். கணக்கு இருக்கிறது, இலக்கம் பிழையில்லை என்பதை மட்டுமே அது காட்டும்.

விற்பவரைச் சோதிக்கும் ஒழுங்கு

தேசிய அடையாள அட்டையின் படத்தை அனுப்புகிறார் என்பதால் நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். அந்த அட்டை, முன்பு ஏமாற்றப்பட்ட ஒருவர் ‘நம்பிக்கைக்காக’ அனுப்பியதாக இருக்கலாம். அதே காரணத்துக்காக உங்கள் அட்டையின் படத்தை நீங்களும் யாருக்கும் அனுப்பக் கூடாது. வியாபாரப் பதிவுச் சான்றிதழின் படமும் அப்படியே; அது யாருடையது என்பதைப் படம் சொல்லாது.

பயன் தரும் சோதனைகள் வேறு:

1. பேஸ்புக் பக்கத்தின் அறிமுகப் பகுதியில் ‘பேஜ் ட்ரான்ஸ்பேரன்சி’ என்ற இடம் உண்டு. பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்பவை அதில் தெரியும். சமையல் பக்கமாகத் தொடங்கி இரண்டு கிழமைக்கு முன் போன் கடையாக மாறியிருந்தால், பல்லாயிரம் பின்தொடர்பவர்கள் இருந்தும் பயனில்லை. பக்கமே விலைக்கு வாங்கப்பட்டதாகவோ திருடப்பட்டதாகவோ இருக்கலாம்.

2. பொருளின் படத்தைக் கூகுள் லென்ஸில் தேடுங்கள். அதே மேசை, அதே திரைச்சீலையுடன் வேறு நாட்டு விளம்பரம் வந்தால் முடிவு தெளிவு.

3. காணொளி அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். பதிவுசெய்த காணொளியை அனுப்புவது போதாது. அழைப்பிலேயே ஒரு தாளில் உங்கள் பெயரை எழுதிப் பொருளின் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

4. போன் என்றால் அதே அழைப்பில் *#06# அழுத்தச் சொல்லி ஐஎம்இஐ இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தியில் ஐஎம்இஐ என்பதற்கான நான்கு ஆங்கில எழுத்தையும் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் எழுதி 1909 க்கு அனுப்பினால், அந்தப் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் உள்ளதா என்று பதில் வரும். பெட்டியில் உள்ள இலக்கமும் திரையில் வரும் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

5. பின்னூட்டங்களைப் புதியவற்றிலிருந்து வாசியுங்கள். பின்னூட்டம் போட முடியாதபடி பூட்டப்பட்ட பதிவுகளையும், ‘சுப்பர் சேவை’ என்று ஒரே நாளில் குவிந்தவற்றையும் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஊருக்குள் இருக்கும் விற்பவர் என்றால் இவ்வளவு பாடு இல்லை. மட்டக்களப்பு பஸ் நிலையமோ கல்முனை பஸாரோ, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் பகலில் சந்தியுங்கள். பொருளை இயக்கிப் பார்த்து, அங்கேயே அனுப்பி, அவருடைய போனில் பணம் விழுந்ததை இருவரும் பார்த்த பின் பிரியுங்கள்.

வீட்டுவாசலில் காசு கொடுப்பது எவ்வளவு பாதுகாப்பு

கேஷ் ஒன் டெலிவரி என்றால் ஏமாற்றமே இல்லை என்று நினைப்பது பிழை. கூரியர்காரர் விற்பவரின் ஆள் அல்ல. பெரும்பாலும் காசு வாங்கிய பிறகே பொதியைத் திறக்க விடுவார். உள்ளே சவர்க்காரக் கட்டி இருந்தாலும் அவரிடம் திருப்பிக் கொடுக்க முடியாது. யாரும் ஓடர் செய்யாத பொதியை வீட்டுக்காரரின் பெயரில் அனுப்பி, வீட்டில் இருக்கும் உம்மாவிடமோ அம்மம்மாவிடமோ 2,500 ரூபா வாங்கிப் போகும் வேலையும் நடக்கிறது. ‘நான் சொல்லாமல் எந்தப் பார்சலுக்கும் காசு கொடுக்க வேண்டாம்’ என்று வீட்டில் ஒரே பேச்சாகச் சொல்லி வையுங்கள்.

ஆனால் இந்த முறையில் ஓர் இடைவெளி நமக்குச் சாதகமாக இருக்கிறது. கூரியர் நிறுவனம் வசூலித்த பணத்தைப் பொதுவாக அன்றைக்கே விற்பவரிடம் கொடுப்பதில்லை. சில நாட்கள் கழித்தே தீர்க்கும். எனவே:

- காசு கொடுக்குமுன் பொதியின் மேலுள்ள சீட்டை, வேபில் இலக்கமும் (பொதிக்குக் கூரியர் கொடுக்கும் இலக்கம்) அனுப்புநர் பெயரும் தெரியப் படமெடுங்கள்.
- சீட்டுத் தெரிவதிலிருந்து தொடங்கி, நிறுத்தாமல், பொதி திறக்கும் வரை காணொளி எடுங்கள்.
- பிழையான பொருள் என்றால் அதே நாள் கூரியரின் தலைமை இலக்கத்துக்கு அழைத்து, அந்த வேபிலுக்குரிய பணத்தை விற்பவருக்கு விடுவிக்க வேண்டாம் என்று கேளுங்கள். எழுத்திலும் அனுப்புங்கள்.

ஓ.டி.பி குறுஞ்செய்தியை முழுதாக வாசியுங்கள்

கணக்கிலக்கம், பெயர், வங்கி, கிளை ஆகிய நான்கையும் கொடுப்பதில் பயப்பட எதுவுமில்லை. பணம் பெற அவை வேண்டும். அதற்கு மேல் கேட்டால்தான் ஆபத்து. கார்டின் 16 இலக்கம், முடிவுத் திகதி, பின்பக்க மூன்று இலக்கம் ஆகியவை பணம் பெறுவதற்கு ஒருபோதும் தேவைப்படாதவை.

ஓ.டி.பி என்பது ஒரு தடவை மட்டும் செல்லுபடியாகும் இரகசிய இலக்கம். ‘ஓ.டி.பி ஒன்றை வைத்து என்ன செய்துவிட முடியும்’ என்ற கேள்விக்கு ஜஸ்ட்பே நல்ல எடுத்துக்காட்டு. ஒரு வங்கிக் கணக்கை வேறு நிறுவனத்தின் பணச் செயலியுடன் இணைத்து, அந்தச் செயலியிலிருந்தே கணக்கில் பணம் எடுக்க வழிசெய்வது அது. கடைக்கும் கட்டணங்களுக்கும் வசதியான ஏற்பாடு. இணைக்கும்போது உங்கள் வங்கி, பதிவான போன் இலக்கத்துக்கு ஓ.டி.பி அனுப்பும். மோசடிக்காரர் உங்கள் கணக்கிலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ‘டெலிவரி விபரம்’ என்று பேச்சோடு பேச்சாக வாங்கிவிட்டு, தன் போனிலுள்ள செயலியில் உங்கள் கணக்கை இணைக்கத் தொடங்குவார். கடைசியாகத் தேவைப்படுவது அந்த ஆறு இலக்கம் மட்டும். ‘ஓடர் கன்ஃபோம் பண்ண ஒரு கோட் வரும், சொல்லுங்க தங்கச்சி’ என்பது அதற்குத்தான்.

குறுஞ்செய்தியிலேயே பெரும்பாலும் உண்மை எழுதப்பட்டிருக்கும்: எந்த நிறுவனம், எவ்வளவு தொகை, எந்த நாணயம், கார்டின் கடைசி நான்கு இலக்கம். அஞ்சல் கட்டணம் 50 ரூபா என்று சொல்லிக் கேட்டவரின் ஓ.டி.பி செய்தியில் 400 டொலர் என்று இருந்தால், அதை அடிக்காமல் விட்டாலே தப்பிவிடலாம். அவசரத்தில் கண் இலக்கத்துக்கு நேரே போய்விடுகிறது, மேலே உள்ள வரி வாசிக்கப்படுவதில்லை.

தபால் திணைக்களத்தின் பெயரில் ‘உங்கள் பொதி தேங்கியுள்ளது’ என்று வரும் இணைப்புகளும் இதே வகை. முகவரியை வாசிக்கும் முறை எளிது: ஆரம்பத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டைக் கடந்து, அடுத்த ஒற்றைச் சாய்கோட்டுக்கு உடனே முன்னால் நிற்கும் பெயர்தான் தளத்தின் உண்மையான பெயர். அதற்கு இடப்பக்கத்தில் எந்தப் பிரபலமான பெயர் வந்தாலும் அது அலங்காரம். பூட்டுப் படம் இருப்பது நம்பகத்தன்மைக்குச் சான்றல்ல. இடையில் யாரும் வாசிக்க முடியாது என்பதை மட்டுமே அது சொல்கிறது. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற திரை பகிரும் செயலியை நிறுவச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

மருதமுனைச் சேலை, வீட்டில் செய்த கேக், பழைய போன் என்று ஒன்லைனில் விற்பவர்களும் இங்கே நிறைய. அவர்களைக் குறிவைப்பது போலி ஸ்லிப். படத்தில் தொகையை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. அதைவிட நுட்பமானது, நாளைய திகதிக்கு நேரம் குறித்த பணமாற்றம். ஸ்லிப் உண்மையானது, பொருளை வாங்கியபின் அதை ரத்துச் செய்துவிடுவார்கள். ஸ்லிப்பைப் பார்த்துப் பொருளைக் கொடுக்காமல், உங்கள் செயலியைத் திறந்து மீதியைப் பாருங்கள்.

அதிலும் இரண்டு மீதிகள் உண்டு. காசோலை வைப்புச் செய்தால் மொத்த மீதி உடனே கூடித் தெரியலாம், எடுக்கக்கூடிய மீதி கூடாது. காசோலை தீர அடுத்த வேலை நாளாகும். ‘தவறுதலாக 20,000 கூடப் போட்டுவிட்டேன், அதை மட்டும் திருப்பி அனுப்புங்கள்’ என்று கேட்டால் எடுக்கக்கூடிய மீதியைப் பார்த்த பிறகே பேசுங்கள்.

கணக்கை இரவல் கேட்பவர்

மேலே சொன்ன மோசடிகளில் பலவற்றுக்கு வேறொருவரின் பெயரிலுள்ள கணக்கு வேண்டும். ஏ.எல். எழுதிவிட்டு வேலை தேடும் இளைஞர்களிடம், ‘உங்கள் கணக்கில் காசு வரும், எடுத்துத் தாருங்கள், நூற்றுக்குப் பத்து உங்களுக்கு’ என்று கேட்கிறார்கள். ஏரிஎம் கார்டையும் சிம்மையும் சேர்த்து விலைக்குக் கேட்பவர்களும் உண்டு. பொலிஸ் விசாரணை முதலில் வந்து நிற்பது அந்தக் கணக்குக்காரரின் வீட்டில். ஏமாற்றியவரை அவருக்கே தெரியாது. கணக்கு முடக்கப்படும், நீதிமன்றத்துக்கு அலைவதும் அவர்தான். பிள்ளைகளிடம் வீட்டிலேயே இதைப் பேசிவிடுவது நல்லது.

முன்னேற்பாடு

ஒன்லைனில் வாங்குவதற்கென்று தனியாக ஒரு கணக்கு திறந்து, வாங்கும் நாளில் மட்டும் தேவையான தொகையை அதற்கு மாற்றுங்கள். சம்பளம் வரும் கணக்கை எந்தச் செயலியுடனும் இணைக்காதீர்கள். நாளாந்த உச்ச வரம்பைச் செயலியின் அமைப்பில் குறைத்து வையுங்கள். ஒவ்வொரு பற்று வரவுக்கும் குறுஞ்செய்தி வரச் செய்யுங்கள்.

பணம் போய்விட்டால்: ஒழுங்கு முக்கியம்

1. முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு, கார்டின் பின்பக்கத்திலுள்ள இலக்கத்துக்கு. பெறும் வங்கிக்கு உடனே அறிவித்துப் பணத்தைத் தடுத்துவைக்க முயலும்படி கேட்டு, முறைப்பாட்டின் மேற்கோள் இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். பணம் எடுக்கப்படாமல் இருக்கும் சிறிய நேரத்துக்குள் இது நடந்தால்தான் வாய்ப்பு. பெறும் வங்கியின் அவசர இலக்கத்துக்கு நீங்களும் அழையுங்கள். ஓ.டி.பி கொடுத்திருந்தால் கார்டையும் ஒன்லைன் அணுகலையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

2. உரையாடலை அழிக்காதீர்கள். கோபத்தில் திட்டி எழுதினால் அவர் பக்கத்தையே அழித்துவிடுவார். முதலில் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள்: பக்கத்தின் முகவரி, போன் இலக்கம், கணக்கிலக்கம், பணமாற்ற இலக்கம், திகதியும் நேரமும்.

3. அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு. தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ‘சின்னக் காசு’ என்று திருப்பி அனுப்ப முயன்றாலும் பதிந்து இலக்கம் பெறாமல் வராதீர்கள். அந்த முறைப்பாடு இருந்தால்தான் கணக்கை முடக்கும் நீதிமன்றக் கட்டளையைப் பொலிஸார் கேட்க முடியும். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், கார்ட் சம்பந்தப்பட்டிருந்தால் 2006 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டம் ஆகியவை இதற்குப் பொருந்தக்கூடும். பெரிய தொகை என்றால் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவுக்கும் எழுதலாம்.

4. போலிப் பக்கம், திருடப்பட்ட வட்ஸ்அப் கணக்கு போன்றவற்றுக்கு, கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் இலக்கம் 101. பதிவுள்ள கடை பழுதான பொருளைத் தந்து மாற்ற மறுத்தால், அது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் வேலை, இலக்கம் 1977.

5. வங்கி உங்கள் முறைப்பாட்டைக் கிடப்பில் போட்டால், அல்லது நீங்கள் அனுமதிக்காத பணமாற்றத்துக்கு விளக்கம் தராவிட்டால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 இல் அழைக்கலாம். முதலில் வங்கியிடம் எழுத்தில் முறையிட்டு, அதன் பதிலை அல்லது பதிலின்மையைக் காட்ட வேண்டும்.

இதற்குப் பிறகு வரக்கூடிய இன்னொரு அழைப்பையும் சொல்ல வேண்டும். ஏமாந்த செய்தியைப் பேஸ்புக் குழுவில் எழுதியதும், ‘ஹேக்கர்’ என்றும் ‘வங்கி அதிகாரி’ என்றும் ‘சட்டத்தரணி’ என்றும் சொல்லிக்கொண்டு உள்பெட்டிக்கு ஆட்கள் வருவார்கள். பணத்தை மீட்டுத் தருகிறோம், கோப்புக் கட்டணம் 3,000 ரூபா மட்டும் என்பார்கள். வங்கியோ பொலிஸோ மத்திய வங்கியோ முறைப்பாட்டை விசாரிக்க ஒரு தனியாளின் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்வதில்லை. அந்த இலக்கத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, ஏற்கெனவே பதிந்த முறைப்பாட்டுடன் சேர்த்துக் கொடுங்கள்.